லோட்டஸ் கார்ல்டன்: விலைபோகாத காரின் பின்னாள் புகழ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய அதிவேக சலூன் கார்களின், அதாவது குடும்பத்தோடு பயணிக்கத்தக்க மூடிய கார்களின் மேல் ஆர்வலர்கள் வைத்திருக்கும் ஏக்கத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். பிரிட்டனின் வோக்ஸ்ஹால் லோட்டஸ் கார்ல்டனுக்கு அதில் தாராளமாக இடம் ஒதுக்கியிருந்தது மகிழ்ச்சி தந்தது. ஆனால் அந்தக் கார் அரிதாக இருப்பதற்குக் கட்டுரையாளர் சொல்லியிருந்த காரணம் சரியன்று. சேகரிப்பாளர்களை மனத்தில் வைத்து, வேண்டுமென்றே குறைவாகத் தயாரிக்கப்பட்ட கார் அது என்று பொருள்பட அவர் எழுதியிருந்தார். நடந்தது வேறு. அதைச் சொல்லாமல் விட்டால், இன்று அந்தக் காரைச் சுற்றி எழுந்திருக்கும் ஏக்கம் எந்த அடித்தளத்தின் மேல் நிற்கிறது என்பதும் விளங்காமல் போய்விடும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1986இல் இங்கிலாந்தின் விளையாட்டுக் கார் நிறுவனமான லோட்டஸை வாங்கியது. ஜெர்மனியில் ஓப்பல், பிரிட்டனில் வோக்ஸ்ஹால் என்ற இரண்டு பெயர்களில் ஏறத்தாழ ஒரே கார்களை விற்றுக்கொண்டிருந்த அந்த நிறுவனத்துக்கு, பந்தயப் புகழ் கொண்ட லோட்டஸின் பெயரைத் தன் குடும்பக் கார் ஒன்றின் மேல் ஒட்டிப் பார்க்கும் ஆசை வந்ததில் வியப்பில்லை. ஜெர்மனியில் ஒமேகா என்றும் பிரிட்டனில் கார்ல்டன் என்றும் விற்ற நடுத்தர சலூன் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1989ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் முன்மாதிரி காட்டப்பட்டது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள ஹெத்தலில், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளம் ஒன்றில் அமைந்த லோட்டஸ் தொழிற்சாலையில் 1990இல் தயாரிப்பு தொடங்கியது. திட்டமிட்ட எண்ணிக்கை 1,100. 1992 டிசம்பரில் தயாரிப்பு நின்றபோது முடிந்திருந்தவை 950 கார்கள். அவற்றுள் 630 ஒமேகா, 320 கார்ல்டன். குறைந்துபோன அந்த நூற்றைம்பது கார்களுக்குச் சேகரிப்பாளர்கள் மேல் கொண்ட பரிவு காரணமன்று. 1990களின் தொடக்கத்தில் பிரிட்டன் பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்தது; வோக்ஸ்ஹால் முத்திரை பொறித்த ஒரு காருக்கு 48,000 பவுண்டு கொடுக்க முன்வந்தவர்கள் போதவில்லை. அவ்வளவுதான் காரணம்.

வேண்டுமென்றே அரிதாக்கப்பட்ட கார்களும் அந்தக் காலத்தில் இருந்தன என்பதால் இந்த வேறுபாட்டை வலியுறுத்துகிறேன். 1987இல் வெளிவந்த ஃபோர்டு சியரா ஆர்எஸ்500 காஸ்வர்த்தும், 1990இல் வந்த மெர்சிடிஸ் 190இ 2.5-16 எவல்யூஷன் 2-உம் ஏறக்குறைய ஐந்நூறு கார்களோடு நின்றுவிட்டன. அன்றைய சலூன் கார்ப் பந்தய விதிகளின்படி, மேம்படுத்தப்பட்ட வடிவத்தைப் பந்தயத்தில் இறக்க வேண்டுமானால் சாலையில் ஓடத்தக்க ஐந்நூறு கார்களையாவது செய்தாக வேண்டும். கேட்ட எண்ணிக்கையைச் செய்து முடித்ததும் வேலை நின்றது. லோட்டஸ் கார்ல்டனுக்குப் பின்னால் அப்படி எந்தப் பந்தயத் தேவையும் இருக்கவில்லை. அது எந்தப் பந்தயப் பிரிவுக்காகவும் பிறக்கவில்லை. நான்கு பேரை அவர்களுடைய பெட்டிகளோடு ஏற்றிக்கொண்டு போவதற்காகவே பிறந்தது. இவ்விரு வகை அரிய தன்மையையும் ஒன்றாகக் குழப்புவதால்தான், அன்று வாங்குவோர் இன்றி நின்ற ஒரு கார் இன்று ஏதோ தீர்க்கதரிசனத்தோடு அளந்து செய்யப்பட்டதுபோல எழுதப்படுகிறது.

அப்படியானால் அந்தக் காரில் போற்றத்தக்கது என்ன? அது செய்யப்பட்ட விதம் என்பேன். கட்டுரையில் மிகச் சுருக்கமாக வந்திருந்ததும் அந்தப் பகுதிதான்.

ஜெர்மனியின் ருஸ்ஸெல்ஸ்ஹைம் தொழிற்சாலையில் முழுமையாகத் தயாரான சாதாரணக் கார்கள் ஹெத்தலுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே மறுபடி பிரிக்கப்பட்டன. அகலமான சக்கரங்கள் அடங்குவதற்காக மட்கார்டின் வளைவுகள் வெட்டி விரிக்கப்பட்டன. எஞ்சின் வெப்பம் வெளியேறப் பானட்டில் துவாரங்கள் திறக்கப்பட்டன. ஓப்பலின் 3 லிட்டர், 24 வால்வு, ஆறு சிலிண்டர் எஞ்சினை லோட்டஸ் பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட விதம் தனியாகக் கவனிக்கத்தக்கது. சிலிண்டரின் விட்டத்தை 95 மில்லிமீட்டரில் அப்படியே வைத்துக்கொண்டு, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை மட்டும் 69.8இலிருந்து 85 மில்லிமீட்டராக நீட்டினார்கள்; அதனால் கொள்ளளவு 3,615 கன சென்டிமீட்டராக உயர்ந்தது. கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும்படி பிளாக்கை வலுப்படுத்தினார்கள். மாலே நிறுவனத்தின் வார்ப்படமல்லாத, அடித்து உருவாக்கிய பிஸ்டன்களைப் பொருத்தினார்கள். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கருவியில் பெரிய ஒன்றை வைப்பதற்குப் பதிலாகச் சிறிய காரெட் டி25 டர்போக்கள் இரண்டை வைத்தார்கள். சிறிய டர்போவின் சக்கரம் விரைவில் சுழற்சி பிடிக்கும் என்பதால், ஆக்சிலரேட்டரை மிதித்த பின் உந்துதலுக்காகக் காத்திருக்க வேண்டிய நேரம் குறைந்தது. அக்கால டர்போ கார்கள் பலவற்றின் தீராத குறை அந்தக் காத்திருப்புத்தான். இறுதியில் கிடைத்தது 377 குதிரைத்திறன், மெட்ரிக் கணக்கில் 382. எஞ்சினின் சுழற்றும் வலிமையான முறுக்குவிசை 568 நியூட்டன் மீட்டர்.

இவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கக்கூடிய கியர்பாக்ஸ் ஓப்பலிடம் இல்லை. எனவே, அதே ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க ஷெவர்லே கார்வெட் இசட்ஆர்-1 காரில் பயன்படுத்திய இசட்எஃப் நிறுவனத்தின் ஆறு கியர்கள் கொண்ட கியர்பாக்ஸ் எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்தக் கார்வெட்டின் எஞ்சினை வடிவமைத்ததே லோட்டஸ்தான் என்பதால், அந்த கியர்பாக்ஸ் ஹெத்தல்காரர்களுக்கு அந்நியமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. பின் சக்கரங்களுக்கு ஆற்றலைப் பிரித்தளிக்கும் டிஃபரன்ஷியல் ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் கொமடோர் வி8 காரிலிருந்து வந்தது. சுமைக்கு ஏற்பத் தானே உயரத்தைச் சரிசெய்துகொள்ளும் பின்புறச் சஸ்பென்ஷனும் பவர் ஸ்டீயரிங்கும் ஓப்பல் செனட்டரிலிருந்து வந்தவை. மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத இக்னிஷன் முறை, லோட்டஸின் எஸ்ப்ரிட் விளையாட்டுக் காரில் கையாண்டதைத் தழுவியது. நல்ல சமையற்காரர் வீட்டில் இருக்கும் பொருள்களைக் கொண்டே விருந்து வைப்பதுபோல, ஒரு பெருநிறுவனத்தின் மூன்று கண்டத்துச் சரக்கறைகளில் கிடந்தவற்றைத் தேர்ந்தெடுத்து இணைத்திருக்கிறார்கள். எல்லாம் அவர்கள் விருப்பப்படி அமைந்துவிடவும் இல்லை. ஸ்டீயரிங்குக்குப் பல்சக்கரமும் பற்சட்டமும் நேராக இணையும் ரேக் அண்ட் பினியன் அமைப்பையே லோட்டஸ் பொறியாளர்கள் விரும்பினார்கள். இடமும் செலவும் இடம் கொடுக்கவில்லை. நேர்கோட்டில் பாயும் ஆற்றலுக்கு ஈடாக அந்த ஸ்டீயரிங் சாலையின் நிலையைக் கைக்கு உணர்த்தவில்லை என்று குறை கூறுவோர் இன்றும் உண்டு. அந்தக் குறை நியாயமானதே.

கட்டுரையாளர் இந்தக் காரை உலகின் மிக வேகமான நான்கு கதவுக் கார் என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருந்ததைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அறிவிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 176 மைல், அதாவது ஏறத்தாழ 283 கிலோமீட்டர். சம காலத்துப் பிஎம்டபிள்யூ எம்5 315 குதிரைத்திறனோடும் மெர்சிடிஸ் 500இ 326 குதிரைத்திறனோடும் விற்பனைக்கு வந்தன. ஜெர்மானிய நிறுவனங்கள் தமக்குள் வைத்திருந்த உடன்பாட்டின்படி இரண்டின் வேகமும் மணிக்கு 250 கிலோமீட்டரில் மின்னணு முறையில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. இவற்றோடு மட்டும் ஒப்பிட்டால் கட்டுரையாளர் சொன்னது சரியே. ஆனால் பிஎம்டபிள்யூ 5 வரிசையை அடிப்படையாகக் கொண்டு அல்பினா நிறுவனம் 1989 முதல் 507 கார்களே செய்த பி10 பை-டர்போ, 360 குதிரைத்திறனோடு மணிக்கு 290 கிலோமீட்டர் போவதாக அறிவிக்கப்பட்டது. இந்த இரண்டில் எது முந்தியது என்று ஆர்வலர்கள் வாதிடத் தொடங்கினால் இரவு விடிந்துவிடும். அந்த வாதத்தில் எனக்கு ஈடுபாடு குறைவு. ஆனாலும் நாளிதழ் ஒன்று தீர்ப்பு வழங்கும்போது எதிர்த்தரப்பின் பெயரையாவது குறிப்பிட்டிருக்கலாம்.

அன்றைக்கு பிரிட்டனில் எழுந்த கண்டனத்தைக் கட்டுரை ஒரு வேடிக்கையாகக் கடந்து சென்றது. அதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல்தான் சட்டப்படியான எல்லை. அதைப்போல இரண்டரை மடங்கு வேகத்தில் ஓடக்கூடிய குடும்பக் காரை விற்பது பொறுப்பற்ற செயல் என்று டெய்லி மெயில் நாளிதழ் இயக்கமே நடத்தியது. காவல்துறை உயரதிகாரிகள் தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. நாடாளுமன்றத்திலும் பேச்சு அடிபட்டது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தும்படி எழுந்த கோரிக்கைக்கு நிறுவனம் இணங்கவில்லை. கண்டித்தவர்களை இன்றைய ஆர்வலர்கள் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. பொதுச் சாலையில் அந்த வேகத்தை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆயினும் கண்டனத்தில் ஒரு முரண் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே ஆண்டுகளில் மணிக்கு 180 மைலை எட்டக்கூடிய ஃபெராரி டெஸ்டரோசாவை எதிர்த்து இப்படி ஓர் இயக்கம் நடக்கவில்லை. கார்ல்டன் என்பது விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் இடைநிலை மேலாளர்களுக்கும் அலுவலகம் கொடுக்கும் கார். செல்வந்தரின் இத்தாலியக் கார் எவ்வளவு விரைந்தாலும் அது அவருக்கு உரிய இடம் என்று ஏற்றுக்கொண்ட சமூகம், பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் காரின் உருவத்தில் அதே வேகம் வந்தபோது அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியில் பாதி வேகத்தைப் பற்றியது; மீதி வர்க்கத்தைப் பற்றியது என்பது என் கருத்து.

காரின் தோற்றமும் இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது. விற்கப்பட்டது ஒரே ஒரு நிறத்தில்தான். இம்பீரியல் கிரீன் என்ற அந்த அடர்பச்சை, வெயில் நேராகப் படாதபோது கறுப்பாகவே தெரியும். விரிந்த மட்கார்டுகளையும் பின்னால் எழுந்த ஸ்பாய்லரையும் கவனிக்காதவர் கண்ணுக்கு அது இன்னொரு வோக்ஸ்ஹால்தான்.

1993 நவம்பரில் இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியில் திருடப்பட்ட ஒரு லோட்டஸ் கார்ல்டனைப் பற்றிய கதைக்குக் கட்டுரை இரண்டு பத்திகளைச் செலவிட்டிருந்தது. சிகரெட்டும் மதுவும் கொள்ளையடித்த கும்பல் அதில் இரவு நேரங்களில் தப்பிச் சென்றதும், காவல்துறையின் வண்டிகளால் அதைப் பின்தொடர முடியாமல் போனதும் ஆர்வலர்கள் ஓயாமல் சொல்லும் செய்திகள். அந்தக் காரின் பதிவெண்ணே அவர்களிடையே ஒரு புனைபெயராகிவிட்டது. பொருளைப் பறிகொடுத்த சிறு கடைக்காரர்கள் இந்தக் கதையில் எங்கும் இடம்பெறுவதில்லை என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கிறேன்.

இன்றைய ஏக்கத்துக்கு வருவோம். இந்தக் கார்கள் ஏலத்தில் எடுக்கும் விலை அன்றைய 48,000 பவுண்டைத் தாண்டிவிட்டது என்று கட்டுரை வியந்திருந்தது. பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால், 1990இன் 48,000 பவுண்டு இன்று ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வரும். எனவே முதலில் வாங்கியவர் தன் காரைப் பத்திரமாக வைத்திருந்து இன்று விற்றாலும், இடைப்பட்ட காலத்துக் காப்பீடு, பராமரிப்பு, நிறுத்துமிடம் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால், முதலீட்டாளர் என்ற முறையில் பெருமைப்பட அதிகம் இராது. நடுவே நீண்ட காலத்துக்கு இவை பழைய கார் என்ற கணக்கிலேயே மலிவாகக் கைமாறின; அப்போது வாங்கியவர்கள் பெரும்பாலும் எஞ்சினைத் தாமே திறந்து பார்க்கத் துணிந்தவர்கள், காரை மழையிலும் பனியிலும் ஓட்டியவர்கள். இந்தக் காரைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவற்றுள் பெரும்பகுதி, அதாவது எந்த இடத்தில் துருப்பிடிக்கும், கியர்பாக்ஸ் எந்தப் பழக்கத்தைப் பொறுக்காது, எஞ்சினை அணைக்குமுன் டர்போவுக்காக அதை ஏன் சற்று ஓடவிட வேண்டும் என்பன போன்ற அறிவு, அவர்கள் கையில் எண்ணெய் படியச் சேர்த்தது. விலை ஏறிய பின் வந்தவர்கள் அந்த அறிவின்மேல் அமர்ந்துகொண்டு காரைத் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். ஓட்டாமல் நிறுத்திவைத்த காரில் ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும், பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும், டேங்கில் பெட்ரோல் கெடும் என்பதை எந்த மெக்கானிக்கும் சொல்வார்.

கட்டுரை முற்றிலும் தொடாமல் விட்டதும், என்னை இக்கடிதம் எழுதவைத்ததும் இனி சொல்லப்போவதுதான். லோட்டஸ் கார்ல்டனுக்கே உரிய பாகங்கள் எண்ணிக்கையில் குறைவு. அதன் கதவுகள், கண்ணாடிகள், விளக்குகள், பூட்டுகள், ஜன்னல் ரப்பர்கள், டாஷ்போர்டின் பெரும்பகுதி, அடித்தளத் தகடுகள் எல்லாம் சாதாரணக் கார்ல்டனுடையவை அல்லது அதன் ஜெர்மானிய உடன்பிறப்பான ஒமேகாவினுடையவை. 1987ஆம் ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, லட்சக்கணக்கில் உற்பத்தியான அந்த ஒமேகாவையும் கார்ல்டனையும் பாதுகாக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. துருப்பிடித்ததும் அவை பழைய இரும்புக்குப் போயின. பெருவாரியாக இருந்ததால் மதிப்பற்றவை என்று கருதப்பட்டன. மதிப்பற்றவை என்று கருதப்பட்டதால் இன்று பிரிட்டன் சாலைகளில் அவற்றைக் காண்பது அரிதாகிவிட்டது. அதன் விளைவை அனுபவிப்பவர்கள் லோட்டஸ் கார்ல்டன் வைத்திருப்பவர்கள்தான். டர்போவைப் புதுப்பித்துத் தரவும் பிஸ்டனைச் செய்துதரவும் தேர்ந்த பட்டறைகள் உண்டு. எஞ்சின் பாகம் எதுவானாலும் பணம் கொடுத்தால் கடைந்து தருவார்கள். ஆனால் வளைந்த முன்கண்ணாடி ஒன்றையோ, அச்சில் வார்த்த பிளாஸ்டிக் டிரிம் ஒன்றையோ ஒரே ஒரு காருக்காகச் செய்துதர எந்தத் தொழிற்சாலையும் முன்வராது. அச்சுக்கு ஆகும் செலவே காரின் விலையை நெருங்கிவிடும். அரிய காருக்குக் கையில் செய்த உதிரிபாகம் கிடைக்கிறது, பெருவாரியாக வந்த காரின் உதிரிபாகம் கிடைப்பதில்லை என்ற தலைகீழ் நிலைமை இப்படித்தான் உண்டாகிறது.

ஏக்கம் எப்போதும் உச்சியை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. லோட்டஸ் கார்ல்டன் வியப்பளிப்பதற்கு அடிப்படையே, அது எளிய ஒரு குடும்பக் காரிலிருந்து எழுந்தது என்பதுதான். அந்த எளிய கார் எப்படி இருந்தது, எப்படி ஓடியது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுகூட எஞ்சாத நாள் வந்தால், பொறியாளர்கள் கடந்துவந்த தூரம் எவ்வளவு என்பதை அடுத்த தலைமுறை எதைக் கொண்டு அளக்கும்? 950இல் ஒன்றைக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்திவிட்டு, பக்கத்தில் நிறுத்த 1.8 லிட்டர் கார்ல்டன் ஒன்று கிடைக்காமல் அருங்காட்சியகம் ஒன்று திண்டாடுவதை என்னால் எளிதில் கற்பனை செய்ய முடிகிறது.

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, காரின் தயாரிப்பு எண்ணிக்கை குறித்து மேலே சொன்ன திருத்தத்தை வெளியிட வேண்டும். இரண்டாவது, இந்தக் கட்டுரைத் தொடர் நீடிக்குமானால், அடுத்த வாரங்களில் ஏல விலையை வைத்துக் கார்களைத் தேர்ந்தெடுப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, ஒமேகா, சியரா, மெர்சிடிஸ் 190 போன்றவற்றின் சாதாரண வடிவங்களை இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களைப் பற்றியும் அவற்றின் பழைய பாகங்களைத் தேடிச் சேர்த்து வைத்திருப்பவர்களைப் பற்றியும் ஓர் இதழாவது ஒதுக்க வேண்டும். புகைப்படத்துக்கு அவை எடுப்பாக இரா என்று தங்கள் வடிவமைப்பாளர் சொல்லக்கூடும்; அடர்பச்சை லோட்டஸ் கார்ல்டனும் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படியேதான் இருக்கும் என்று அவரிடம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்